மிரியாம் தகடு

வந்துட்டாரு. வெயில் தாழ வாங்கன்னு சொல்லி அனுப்பியிருந்தேன், உச்சி வெயில்லயே வந்து வராந்தாவுல உட்கார்ந்துட்டாரு படக்கடைப் பியூன் அருணகிரி. தலைப்பாகையைக் கழட்டி விசிறிக்கிற சத்தம் உள்ளே வரைக்கும் கேக்குது. உட்காரட்டும், எனக்கென்ன. நான் இன்னும் ஊசியையே கையில எடுக்கலை. மேசை மேல செம்புத் தகடு கிடக்கு, பக்கத்துல ஊசி கிடக்கு, எதிர்ல நான் கிடக்கேன். ஒரே ஒரு கோடு. மேல் மூலையில ஆரம்பிச்சு கீழ் மூலை வரைக்கும், நடுவுல முகத்தைக் கடந்து போற மாதிரி, ஆழமா ஒரு கோடு. அதைப் போட்டு, மை தடவி, ஒரு பிரதி அடிச்சு, இதோ பாருங்க துரை, தகட்டைக் கெடுத்தாச்சு, இனிமே இதுல சுத்தமான படம் ஒண்ணு கூட எடுக்க முடியாதுன்னு அருணகிரி கையில குடுத்தனுப்பணும். சீமையில பேர் போன ஆளுங்கல்லாம் அப்படித்தான் செய்யறாங்களாம். பேசின கணக்குக்குப் பிரதிகளை அடிச்சு முடிச்சதும் தகட்டைக் கீறிடணும், அப்பத்தான் வாங்கினவங்க வச்சிருக்கிற படத்துக்கு மதிப்பு. சரிதான். நியாயம்தான். இத்தனை வருஷத்துல என் தகடு எதுக்கும் யாரும் இதைக் கேக்கலை. தொர்க்காள் போடற தகடுதானே, எத்தனை வேணும்னாலும் அடிச்சுக்கட்டும்னு விட்டுட்டாங்க. இப்பத்தான் முதல் தடவையா கேட்டிருக்காங்க. கேட்ட அன்னிக்கு எனக்குத் தலைகால் புரியலை, எம்பொண்ணு மிரியாம் அப்ப உயிரோட இருந்தா. கீறற வேலை அப்படியே தள்ளிப் போச்சு, இப்ப அவ இல்லை. தகட்டுல இருக்கிறது அவ முகம். பெத்தவ கையால அதைக் கீறுன்னா நான் எங்க போய் முட்டிக்கிறது.

"ஐயா, அம்மா வேலை ஆச்சுங்களா?" இது அருணகிரி. "ஆகும், ஆகும். நீங்க மோர் குடிங்க." இது எங்க வீட்டுக்காரர், மாசிலாமணி வாத்தியார். மிஷன் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தி நடத்தித் தேஞ்ச குரல். ரெண்டாவது லோட்டா மோர் குடுக்கறாரு அந்த மனுஷனுக்கு. விட்டா ராத்திரி சாப்பாட்டுக்கே நிறுத்தி வச்சுடுவாரு. எல்லாம் நாள் கடத்தறதுக்குத்தான், எனக்குத் தெரியாதா. காலையில வாசப்படியில நின்னுக்கிட்டு, உள்ளே வராம, தரையைப் பாத்துக்கிட்டே கேட்டாரு. "தொர்க்காள், கீறறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு அடிச்சுக் குடுத்துடேன். ஒண்ணே ஒண்ணு. யாருக்குத் தெரியப் போகுது?" "எனக்குத் தெரியும்ல?" "உனக்குத் தெரிஞ்சா என்ன?" "பேசினதுக்கு மேல அடிச்சா அது திருட்டுங்க." "பெத்த பிள்ளை முகத்தைப் பாக்கறது திருட்டாடி?" கல்யாணம் ஆன நாள்லேருந்து என்னை டி போட்டதில்லை. போட்டுட்டு அவரே பயந்துபோய்க் கொல்லைப் பக்கம் போயிட்டாரு. பாவம், அவரைச் சொல்லிக் குத்தமில்லை. எங்க பங்குக்கு வந்த பிரதியைச் சட்டம் போட்டுக் கூடத்துச் சுவத்துல மாட்டியிருந்தோம். மிரியாம் போன செய்தி வந்தப்புறம் தினம் விளக்கேத்தறப்ப அதுக்கு முன்னாடி போய் ஒரு நிமிஷம் நிப்பாரு. போன மழையில கரையான் வந்துது. சுவத்துக்குள்ளேருந்து வந்து சட்டத்துக்குப் பின்னாடியே ஏறியிருக்கு, வெளியில தெரியவேயில்லை. ஒரு நாள் தூசு தட்டறேன்னு தொட்டா, முகம் இருந்த இடம் பொலபொலன்னு மண்ணா உதிருது. படத்துல ஜன்னல் மட்டும் மிச்சம், அவ கையிலிருந்த கீரைத் தட்டுல கொஞ்சம் மிச்சம். அந்த மண்ணைக் கூட்டிக் கொட்ட விடலை மனுஷன். கைக்குட்டையில முடிஞ்சு அலமாரியில வச்சிருக்காரு, நான் பாக்கலைன்னு நெனப்பு. கேட்டப்பவே அடிச்சுக் குடுத்திருக்கலாம். ஒரு காகிதம், கொஞ்சம் மை, அச்சு யந்திரத்துல ஒரு சுத்து. வார்த்தை வார்த்தைன்னு நான் சொல்றது நெசந்தான், கடைத் துரை என் வார்த்தையை நம்பித்தான் எண்ணிப் பாக்காம விட்டிருக்காரு. ஆனா அது மட்டும் இல்லை. அந்தப் படத்தை இன்னொரு தடவை அடிச்சுப் பாக்க எனக்கு மனசு வரலை. சுவத்துல இருந்தப்பவும் அவர் போய் நிப்பாரே தவிர, நான் நின்னதில்லை. தாண்டிப் போறப்ப முகத்தைத் திருப்பிக்குவேன். அழுகை வரும்னு இல்லை. அழுகையே வராது, அதுதான். யார் வீட்டுப் பொண்ணையோ பாத்த மாதிரி இருக்கும். பெத்தவளுக்கு இப்படியும் ஒரு மனசு இருக்குமான்னு எனக்கே வெறுப்பா இருக்கு, இதை அவர்கிட்ட எந்த வாயால சொல்றது.

முழங்கை வலிக்குது. இந்த வலிக்குப் பேரே வைக்கலாம், அவ்வளவு நாளா கூட இருக்கு. வேப்பேரி போர்டிங் பள்ளிக்கூடத்துல சிலேட்டுப் பின்னாடி கோழி வரைஞ்சு மாட்டிக்கிட்ட அன்னிக்கே இது ஆரம்பிச்சிருக்கணும். ஹார்கிரேவ் துரைசாணி சிலேட்டை வாங்கிப் பாத்தாங்க, அடிக்கப் போறாங்கன்னு கையை நீட்டிக்கிட்டு நிக்கறேன், அவங்க என் விரலைப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாக்கறாங்க. அவங்கதான் எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க, நன்றி மறக்கக் கூடாது. பென்சில், அப்புறம் சாயம், அப்புறம் எண்ணெய்ச் சாயம், கடைசியா இந்தத் தகடு. செம்பு மேல மெழுகை உருக்கித் தடவி, மெழுகுவத்திப் புகையில கறுப்பாக்கி, ஊசியால மெழுகை மட்டும் கீறி வரையணும். அப்புறம் திராவகத்துல போட்டா கீறின இடத்தை மட்டும் அது தின்னும். குமிழி குமிழியா வரும், கோழி இறகால தடவித் தடவி விடணும். அந்தப் புகையை மூக்குல ஏத்தி ஏத்தித்தான் இந்த இருமல். நகம் எல்லாம் மஞ்சள். கல்யாணத்துக்கு மருதாணி வச்சுவிட வந்த சித்தி என் கையைப் பாத்து, இது என்னடி இது, சாயப்பட்டறைக்காரன் கை மாதிரின்னு சிரிச்சா. துரைசாணி மாமல்லபுரம் போய்ச் சாயத்துல படம் எழுதிட்டு வருவாங்க, மயிலாப்பூர் குளம் எழுதிட்டு வருவாங்க, அதையெல்லாம் தகட்டுல ஏத்தறது நான். படத்துக்குக் கீழே இடது பக்கம் அவங்க பேர் கொட்டை எழுத்துல. வலது பக்கம் ஓரத்துல என் பேர், எறும்பு ஊர்ந்த மாதிரி, பூதக்கண்ணாடி வச்சுத் தேடணும். அது அந்தத் தொழிலோட வழக்கம், அவங்க தப்பில்லை. ஆனா என் வயசுல பாதி அந்த ஓரத்துல போயிடுச்சு. ராணியம்மாவோட ஜூபிலி வருஷத்துக் கண்காட்சிக்கு நானே எழுதின எண்ணெய்ப் படம் ஒண்ணு குடுத்தேன், ராயபுரத்து மீன்காரிங்க கூடையை எறக்கி வச்சுட்டுச் சண்டை போடற படம். அதைக் கொண்டுபோய் எங்க மாட்டினாங்க தெரியுமா, பின்னல் வேலை மேசைவிரிப்புக்கும் பிரம்புக் கூடைக்கும் நடுவுல. ஒரு துரை ரொம்ப நேரம் பாத்துட்டு, யாரும்மா வரைஞ்சு குடுத்தாங்கன்னு என்னையே கேக்கறாரு. இந்தக் கைதான் துரைன்னு நீட்டிக் காட்டினேன். மஞ்ச நகத்தைப் பாத்து ரெண்டடி பின்னால போயிட்டாரு, தொத்து வியாதின்னு நெனச்சாரு போல. பேர்ச்சீட்டுல மிஸஸ் மாசிலாமணின்னு போட்டிருந்தாங்க. தொர்க்காள் எங்கேன்னு தெரியலை. இந்தப் படக்கடைதான் முதல் தடவையா தொர்க்காள் மாசிலாமணின்னு அச்சுல போட்டுச்சு, அதுவும் யார் படத்தையும் பாத்துச் செய்யாத, நானா எழுதின படத்துக்கு. இது முடிஞ்சதும் ராயபுரம் கடற்கரையையே வரிசையா தகடு போடச் சொல்லியிருக்காங்க. படகு, வலை, மீன்காரிங்க, எல்லாம் என் இஷ்டத்துக்கு. ஆயுசு முழுக்க இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்தேன். இந்தக் கோட்டைப் போடலைன்னா, இந்த ஊர்ப் பொம்பளை வார்த்தை இவ்வளவுதான்னு ஒரு சொல் வந்துடும். அப்புறம் எனக்கு மட்டுமா மூடுவாங்க கதவை. ஊசியை எடு தொர்க்காள். எடுக்கறேன். கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேன்.

ஜன்னல் வழியா கொய்யா மரம் தெரியுது. அதை வெட்டிப் போடுங்கன்னு அன்னிக்கே சொன்னேன், அவதான் விடலை. ஏழு வயசு இருக்கும், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கிட்டு உச்சிக் கொம்புக்கு ஏறினா, கொம்பு முறிஞ்சுது, கீழே வேலி. பொளந்த மூங்கில் இடது கண்ணுக்குக் கீழே குத்தி வாயோரம் வரைக்கும் இழுத்துடுச்சு. நூலிழையில கண்ணு தப்பிச்சுது. ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயா தையல் போடறப்ப அவ அழலை, அவங்க அப்பாதான் தூணைக் கட்டிக்கிட்டு அழுதாரு. ஆறினப்புறமும் தழும்பு நின்னுடுச்சு, ஒரு சாய்ஞ்ச கோடு. ஐயோ, பொம்பளைப் பிள்ளையாச்சேன்னு கோயில்ல ஆளாளுக்கு எங்கிட்ட துக்கம் கேட்டாங்க. அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. அவ சிரிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்தத் தழும்புதான் முதல்ல சுருங்கும், பின்னாடிதான் சிரிப்பு வரும். அதனால நாங்க அவ சிரிக்கப் போறாளா இல்லையான்னு முன்னாடியே கண்டுபிடிச்சுடுவோம். ஜபம் பண்றப்ப நடுவுல அது சுருங்கிடுச்சுன்னா போச்சு, அவங்க அப்பாவும் சேர்ந்து சிரிச்சுடுவாரு, ஆமென் சொல்ல ஆளிருக்காது. அந்தப் படம் எழுதினப்ப அவளுக்குக் கல்யாணம் பேசிக்கிட்டிருந்த நேரம். இதே ஜன்னலோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டிருந்தா. ஏதோ சொல்ல வாயெடுத்து நிமிர்ந்தா. அப்படியே இருடின்னேன். "கீரை வாடிடும்மா." "வாடட்டும்." "அப்பா பட்டினி கிடப்பாரு." "கிடக்கட்டும், நீ நிமிர்ந்த மாதிரியே இரு." எழுதி, திராவகத்துல போட்டு, முதல் பிரதி அடிச்சுப் பாத்தப்ப மூணு பேருமே அசந்து போயிட்டோம், தழும்போட அப்படியே மிரியாம். துரைசாணி வந்து பாத்தாங்க, ரொம்ப நேரம் பாத்தாங்க, கண் கலங்கிடுச்சு அவங்களுக்கு. அப்புறம் மெதுவா சொன்னாங்க, தொர்க்காள், கடையில வாங்கறவங்க அழகான முகத்தைத்தான் வீட்டுல மாட்டுவாங்க, அந்தக் கோட்டை மட்டும் எடுத்துடேன். அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அந்த முதல் பிரதியை மை துடைக்கக் கிழிச்சுப் போட்டுட்டு, சுரண்டியால செம்பைச் சுரண்டி, எண்ணெய் விட்டுத் தேய்ப்பானால தேச்சு வழவழன்னு ஆக்கினேன். மிரியாம் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. முடிஞ்சதும் கன்னத்தை என் முகத்துக்கு நேரா நீட்டறா. "அவ்வளவுதானா? அப்ப இந்தக் கன்னத்துலயும் கொஞ்சம் தேச்சு விடுங்கம்மா, ரங்கூன் மாப்பிள்ளை பயந்துடப் போறாரு." நான் தேய்ப்பானால அவ மூக்குல ஒரு தட்டு தட்டினேன். தழும்பு சுருங்குச்சு, அப்புறம் சிரிச்சா. மாப்பிள்ளை ஒண்ணும் பயப்படலை, தங்கமான பையன். கப்பல் ஏத்தி அனுப்பினோம். அங்க போன ரெண்டாம் மழைக்குக் காய்ச்சல். செய்தி வர்றதுக்குள்ள அடக்கமும் முடிஞ்சு போச்சு. எங்க புதைச்சாங்க, அங்க மரம் இருக்கா, நிழல் இருக்கா, ஒண்ணும் தெரியாது எனக்கு. கடைசியா அவ முகத்தை நான் பாத்தது கப்பல் மேல, அதுவும் முந்தானையால பாதி மூடிக்கிட்டிருந்தா காத்துக்கு.

"நேரமாகுதுங்களே ஐயா, துரை திட்டுவாரு. சும்மா ஒரு கோடுதானுங்களே?" "சும்மா ஒரு கோடுதான்"னு இவர் சொல்றாரு. போதும், இதுக்கு மேல அவரை அங்க உட்கார வைக்கறது பாவம். எடுத்துட்டேன் ஊசியை. எந்த மூலையில ஆரம்பிக்கறது? என் கைக்குச் சுளுவா இருக்கறது வலது மேல் மூலை. அங்கேருந்து இழுத்தா கண்ணு மேலேயே போகும். ஐயோ, கண்ணு வேண்டாம். இடது மூலைன்னா? அது படத்துல எந்தப் பக்கம் வரும்? தகட்டுல எல்லாம் மாறித்தான் இருக்கும், தகட்டோட இடது படத்துக்கு வலது. இதுலயே உழண்டு உழண்டு எனக்கு நெசத்துலயே இடது வலது போயிடுச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை கோயில்ல ஆம்பிளைங்க பக்கம் போய் உட்கார்ந்துட்டேன், மிரியாம் ஓடிவந்து கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போனா, தழும்பு அப்படிச் சுருங்கிக் கிடக்கு. இரு. முதல்ல விரலால ஒரு தடவை ஓட்டிப் பாப்போம், ஊசி அப்புறம். வலது மூலையிலேருந்து, நெத்தி, கண்ணு. வேண்டாம். இடது மூலையிலேருந்து, ஜன்னல் கம்பி, காதோரம், கன்னம். இது என்ன? விரல் இறங்குது. இங்க குழிஞ்சிருக்கு. மறுபடி ஓட்டறேன். ஆமா, கண்ணுக்குக் கீழே ஆரம்பிச்சு வாயோரம் வரைக்கும், விரல் நுனிக்கு மட்டும் தெரியற மாதிரி ஒரு பள்ளம். சுரண்டின இடம். சுரண்டித் தேச்சா செம்பு அங்க தாழ்ந்துடும், தகட்டைத் திருப்பிப் போட்டு முதுகுல சுத்தியால தட்டி மேடாக்கணும், அன்னிக்கு நான் அதைச் செய்யலை, கீரை ஆக்கணும்னு எழுந்து போயிட்டேன். கண்ணுக்குத் தெரியாது, மையிலயும் வராது. ஆனா இருக்கு. இத்தனை நாளும் இங்கேயே இருந்திருக்கு. அடி என் கண்ணே, இதுதானாடி. இதனாலதான் உன்னை எனக்கு அடையாளம் தெரியலையா. சிரிக்கப் போற முகத்தை எழுதிட்டு, அந்தச் சிரிப்பு வர்ற வழியை அடைச்சுட்டு, மொழுமொழுன்னு ஒரு பொம்மையைச் சுவத்துல மாட்டி வச்சிருந்தோம். நல்லவேளை கரையான் தின்னுச்சு. ஊசியை இடது மூலையில வச்சு அழுத்தி இழுக்கறேன், செம்பு கிறீச்சுங்குது, ஜன்னலைத் தாண்டி, காதோரம் தாண்டி, பள்ளத்துல ஊசி தானா இறங்கி ஓடுது, நான் ஓட்டலை. வாயோரம் வந்து, கீரைத் தட்டைக் கடந்து, கீழ் மூலை. அவ்வளவுதான். கெடுத்தாச்சு. மை தடவறேன், மெல்லிசுத் துணியால துடைக்கறேன், உள்ளங்கையால துடைக்கறேன், நனைச்சு வச்ச காகிதத்தைப் போட்டு, கம்பளியை மூடி, சக்கரத்தைப் புடிச்சு மொத்த உடம்பையும் குடுத்து இழுக்கறேன். இந்தச் சத்தம் கேட்டா அவர் வராம இருக்கமாட்டாரு. வந்துட்டாரு, இந்தத் தடவை வாசப்படியில நிக்கலை. காகிதத்தை ஓரத்துல புடிச்சு உரிச்சு எடுத்து வெளிச்சத்துல காட்டறேன். அங்கே போற கோடு, இங்கே வர்ற கோடு எல்லாம் கிடக்கட்டும், நடுவுல கன்னம், இடது கன்னம், அவ கன்னம். மூக்குக்கண்ணாடியை நெத்தியிலேருந்து இறக்கிப் போட்டுக்கிட்டுப் பாக்கறாரு. பாத்துக்கிட்டே இருக்காரு. "இது எப்ப எழுதினது?" "இப்பத்தாங்க." அவர் கை தானா போய் அவர் இடது கன்னத்தைத் தொடுது. "தொர்க்காள், இங்க பாரேன். சிரிக்கப் போறா." எனக்குத் தாங்கலை, மேசையைப் புடிச்சுக்கிட்டு அழறேன். செய்தி வந்த அன்னிக்குக்கூட வராத அழுகை. அருணகிரி கதவோரம் வந்து எட்டிப் பாக்கறாரு, கையை நீட்டறாரு. "ஆயிடுச்சுங்களாம்மா? குடுங்க, கிளம்பறேன்." கீறின தகட்டுக்குப் பேச்சும் இல்லை, வரம்பும் இல்லை, எத்தனை வேணும்னாலும் அடிச்சுக்கலாம், யாரும் கேக்கப் போறதில்லை. முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டு மை டப்பாவைத் திறக்கறேன். "அது இல்லீங்க, அது வீட்டுக்கு. கொஞ்சம் உட்காருங்க, துரைக்கு வேற ஒண்ணு அடிச்சுத் தர்றேன்."